மலைப்பாதைக்குப் பழைய ஜீப்பு வாங்குவோர் கவனத்திற்கு

மழைக்காலம் பிறந்துவிட்டால் நீலகிரியில் தேயிலை பயிரிடும் சிறு விவசாயிக்குத் தோட்டத்தைக் காட்டிலும் பாதையைப் பற்றிய கவலையே பெரிதாகிவிடுகிறது. காலையில் பறித்த கொழுந்து அன்றைக்கே ஆலையைச் சேர்ந்தாக வேண்டும். சாக்கில் நெருக்கிக் கட்டிய பச்சிலை நேரம் செல்லச் செல்ல உள்ளுக்குள் சூடேறும். சூடேறிய இலை சிவக்கும். சிவந்த இலையை எந்த ஆலையும் விரும்பி வாங்காது. உரமிட்டுக் களையெடுத்துக் காத்திருந்த உழைப்பின் பயன், சேற்றிலே சிக்கிய வண்டியோடு ஒரே மாலைப் பொழுதில் போய்விடக் கூடும்.

1962-ஆம் ஆண்டு குந்தாவில் முதற் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-இல் இத்தகைய ஆலைகளின் இணையமாக இன்ட்கோசர்வ் குன்னூரில் அமைந்தது. இலையை வாங்கித் தூளாக்கி விற்கும் பெரும் பொறுப்பை அங்கத்தினர்கள் இவ்வாறு கூடிச் சுமக்கிறார்கள். ஆயினும் இலை ஏற்ற வரும் லாரி தார்ச் சாலையோடு நின்றுவிடுகிறது. சாலைக்கும் தோட்டத்துக்கும் இடையேயுள்ள சரிவான மண்பாதை நம்முடைய பொறுப்பாகவே இருந்து வருகிறது. அந்த இரண்டொரு பர்லாங்கு தூரத்துக்காகவே பலரும் பழைய ஜீப்பு ஒன்றை நாடுகிறார்கள்.

புதிய வண்டிக்கு வசதியில்லாத இடத்தில் பழைய வண்டி வாங்குவது தவறன்று. எதை வாங்குகிறோம் என்று அறியாமல் வாங்குவதே தவறு. அத்தகைய தவறு ஒன்று நிகழக் கண்டவன், அதில் பங்கும் கொண்டவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

காகிதம் சரியாக இருந்தது

சில ஆண்டுகளுக்கு முன், மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள சிறு சங்கம் ஒன்று, அங்கத்தினர்களின் இலையைச் சாலை வரை கொண்டு சேர்ப்பதற்கென்று பழைய ஜீப்பு ஒன்றை வாங்கியது. அங்கத்தினர்களில் பெரும்பாலோர் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் உடையவர்கள். நான் ஆய்வுக்குச் சென்றிருந்த நாளில் வண்டி சங்க வாசலுக்கு வந்து நின்றது. நிர்வாகக் குழுத் தீர்மானம், பதிவுச் சான்று, காப்புறுதிப் பத்திரம், விலைப் பற்றுச்சீட்டு ஆகிய யாவற்றையும் பார்த்தேன். யாவும் ஒழுங்காக இருந்தன. சங்கத் தலைவர் வயதில் பெரியவர். "காகிதம் பார்த்தாயிற்று. வண்டியையும் ஒரு தடவை பாருங்கள், சார்" என்று அன்போடு அழைத்தார். பார்த்தேன். புது வர்ணம், பருத்த டயர்கள், கியர் தண்டின் பக்கத்தில் இன்னொரு சிறு தண்டு, பின்புறப் பலகையில் நான்கு சக்கர இயக்கம் என்பதற்கான சிவப்பு எழுத்து. "நன்றாக இருக்கிறது, ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை மாதத்தில் மழை வலுத்தது. ஒரு மாலை இலைச் சாக்குகளோடு மேடேறிய ஜீப்பு பாதி வழியில் நின்றது. பின்சக்கரம் ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழன்றது. ஓட்டுநர் சிறு தண்டை இழுத்து நான்கு சக்கரத்தில் போட்டார். ஒரு மாற்றமும் இல்லை. டார்ச் விளக்கைக் கொண்டு அடியில் குனிந்து பார்த்தபோது, முன் அச்சுக்கு விசையைக் கொண்டு செல்லும் ஷாப்டே அங்கு இல்லை என்பது தெரிந்தது. எப்போதோ யாரோ அதைக் கழற்றிவிட்டார்கள். தண்டையும் எழுத்தையும் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

அன்றைய இலையை ஆலையில் ஏற்கவில்லை. அவர்கள் மீது குற்றம் சொல்லவும் இயலாது. மறுநாள் தலைவர் தம் சொந்தப் பணத்தைத் துணிப்பையில் முடிந்துகொண்டு வந்து மேசை மேல் வைத்தார். குழுவினர் அதைத் தொடவில்லை. நட்டத்தைப் பற்றிய ஆய்வுக் குறிப்பை எழுத வேண்டியவன் நான். "வாங்குமுன் தக்க சோதனை செய்யப்படவில்லை" என்று எழுதினேன். அந்தச் சோதனையைச் செய்யாதவர்களில் நானும் ஒருவன் என்பதை அறிந்தே எழுதினேன்.

அந்த உறுத்தல் தாளாமல், உதகமண்டலத்தில் நெடுங்காலமாக ஜீப்பு வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "மேட்டிலே வண்டி நின்றுபோச்சா, இல்லே சக்கரம் சுத்திச்சா, சார்?"

அப்போது எனக்கு அக்கேள்வியின் பொருள் விளங்கவில்லை. இப்போது, பழைய வண்டி வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுவே என்று கருதுகிறேன்.

விசைக் குறையும் பிடிப்புக் குறையும்

மேட்டில் வண்டி தோற்பது இரண்டு விதம். எஞ்சின் முனகி முனகி நின்றுபோனால் அது விசைக் குறை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால் அது பிடிப்புக் குறை. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. விசைக் குறைக்குத் தாழ்ந்த கியர் வேண்டும். பிடிப்புக் குறைக்கு நல்ல டயரும், நான்கு சக்கர இயக்கமும், சில இடங்களில் டிபரன்ஷியல் பூட்டும் வேண்டும். பெரிய எஞ்சின் உள்ள வண்டியை வாங்கினால் சேற்றில் ஏறிவிடும் என்று நினைப்பவர்கள், வழுக்குகின்ற காலுக்குச் சத்து மருந்து கொடுப்பவரை ஒப்பர்.

இவ்வுண்மைக்குச் சான்று நம் மலை ரயிலிலேயே இருக்கிறது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908-இல் உதகமண்டலத்துக்கும் வந்த இந்தப் பாதையில், கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே 12½ அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் உண்டு. அவ்வளவு சரிவில் இரும்புத் தண்டவாளத்தின் மீது இரும்புச் சக்கரம் பிடிப்புக் கொள்ளாது. ஆகவேதான் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறுமாறு அமைத்தார்கள். எஞ்சினுக்கு எத்தனை பலம் இருந்தாலும், கவ்வ இடமில்லையேல் பயனில்லை என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

நம் தோட்டத்துப் பாதைகளிலோ 6 அடிக்கு ஓரடி உயரும் இடங்களும் உண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் இலையுமாக எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றத்தில் அதை மேலே இழுக்க ஏறத்தாழ 330 கிலோ இழுவை வேண்டும். சேற்றின் தடைக்காக இன்னும் 100 கிலோ சேர்த்தால் மொத்தம் 430. நனைந்த களிமண்ணில், சக்கரத்தின் மேல் அழுந்தும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் சுமார் 30 கிலோ இழுவைதான் கிட்டும். சுமை பின்புறம் சாய்வதால் பின்சக்கரங்கள் 1,200 கிலோவைத் தாங்குவதாகக் கொண்டால், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்குக் கிடைப்பது 360 கிலோ. அது போதாது, சக்கரம் சுற்றும். நான்கும் இழுத்தால் 600 கிலோ, வண்டி ஏறிவிடும். அதே பாதை காய்ந்து கிடக்கும்போது பிடிப்பு இதனினும் இரு மடங்குக்கு மேல் கிடைப்பதால், பின்சக்கர வண்டியும் தாராளமாக ஏறும். வெயிலில் ஓட்டிப் பார்த்து வாங்கிய வண்டி மழையில் கைவிடுவதன் காரணம் இதுவே.

நான்கு சக்கர இயக்கம்

ஜீப்பு என்பது இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக உருவான வண்டி. நம் நாட்டில் 1947 முதல் மகீந்திரா நிறுவனத்தார் வில்லீஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். அதன் வழி வந்த வண்டிகளே இன்றும் நம் மலைகளில் மிகுதி. இவற்றில் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்ற மற்றொரு பெட்டி உண்டு. எஞ்சினின் விசையை முன் அச்சுக்கும் பகிர்ந்து கொடுப்பதும், தேவையான போது வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குவதும் அதன் வேலை. 'லோ' என்று ஓட்டுநர்கள் கூறும் அந்தத் தாழ்நிலையில் வண்டியின் வேகம் பாதிக்கும் கீழே குறைய, இழுவை இரு மடங்குக்கு மேல் கூடுகிறது. கிளச்சை எரிக்காமல் நடையின் வேகத்தில் மேடேற இது உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய ஜீப்பு வகைகளில் முன் அச்சையும் பின் அச்சையும் டிரான்ஸ்பர் கேஸ் இறுகப் பிணைத்துவிடுகிறது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடுபவை. சேற்றில் சக்கரம் சிறிது வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் அதற்கு இடமில்லை. அங்கே நான்கு சக்கரத்தில் போட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைத் திரும்பினால் ஸ்டீயரிங் இறுகும், டயர் தேயும், நாளடைவில் ஷாப்டின் கிராஸும் பற்சக்கரங்களும் முறியும். ஆகையால் மண்பாதையில் போட்டு, தார்ச் சாலை வந்ததும் எடுத்துவிடுவது முறை.

பிற்காலத்து வண்டிகள் சிலவற்றில் ஓட்டுநர் தலையிடாமலே, பின்சக்கரங்களுக்கும் விசை வேண்டியபோது தானாகச் செல்லும் ஏற்பாடு உண்டு. 2014-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ரெனோ டஸ்டர் நான்கு சக்கர வண்டி இவ்வகை. நனைந்த சாலைக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் இதில் தனியான தாழ்நிலைப் பெட்டி இல்லை. முதற் கியரை மட்டும் தாழ்த்தி அமைத்திருக்கிறார்கள். பாரத்தோடு செங்குத்தான மண்பாதை ஏறுவோர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

டிபரன்ஷியலும் அதன் பூட்டும்

நான்கு சக்கர வண்டியும் சிக்கிக்கொள்வது ஏன் என்று சிலர் கேட்பார்கள். காரணம் டிபரன்ஷியல். வளைவில் உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் ஓட இது இடம் கொடுக்கிறது. ஆனால் இரண்டு சக்கரங்களுக்கும் சமமான இழுவையையே பகிர்கிறது. ஒரு நுகத்தை நடுவிலே அச்சாணியிட்டு இரு மாடுகளைப் பூட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு கால் வழுக்கித் தளர்ந்தால், மற்றது எத்தனை வலிவுடையதாயினும் நுகம் சுழலுமேயன்றி ஏர் நகராது. அவ்வாறே, ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால் அதே அச்சில் கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் சும்மா நிற்கும்.

நுகத்தின் அச்சாணியை இறுக்கிவிடுவது போன்றதே டிபரன்ஷியல் பூட்டு. பூட்டிய பின் இரு சக்கரமும் ஒன்றாகச் சுழலும். 2015-இல் திருத்தியமைக்கப்பட்ட மகீந்திரா தாரில், ஒரு சக்கரம் மிகுதியாகச் சுழன்றால் தானே பூட்டிக்கொள்ளும் பின் டிபரன்ஷியல் வந்தது. புதிய வண்டிகள் பலவற்றில் பூட்டுக்குப் பதிலாக, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து விசையை மறு சக்கரத்துக்குத் தள்ளும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது. இதுவும் உதவும். ஆனால் சக்கரத்தின் அருகிலுள்ள உணர்கருவி பழுதானால் வேலை செய்யாது. சாவியைத் திருப்பும்போது பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பின் அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எரியாமலே இருந்தால் விளக்கையே கழற்றியிருக்கலாம். அணையாமல் இருந்தால் பழுது உண்டு.

பள்ளமும் பாறையும் மாறி மாறி வந்து ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கும் பாதைக்கே பூட்டு அவசியம். வெறும் சரிவான பாதைக்கு நல்ல டயரும் நான்கு சக்கரமுமே போதும்.

பெயரை நம்பலாகாது

ஒரே பெயரில் இரண்டு விதமான வண்டிகள் விற்பனையாகியிருப்பதைப் பலர் அறியார். 2010-இல் வந்த மகீந்திரா தாரில் இரு சக்கர இயக்கமும் உண்டு, நான்கு சக்கர இயக்கமும் உண்டு. 2020-இல் வந்த புதிய தார் முதலில் நான்கு சக்கர இயக்கத்தோடு மட்டும் வந்தது. 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனைக்கு வந்துவிட்டது. பொலீரோ வண்டிகளில் பெரும்பாலானவை பின்சக்கர இயக்கமே. ஆகவே பெயரைக் கேட்டு விலை பேசலாகாது.

மாருதி ஜிப்ஸி 1985-இல் 970 சி.சி. எஞ்சினோடு வந்தது, 1996-இல் 1,298 சி.சி. எஞ்சின் ஏறியது. இப்போது உற்பத்தி இல்லை. எடை குறைவான வண்டியாதலால் சேற்றில் எளிதாக மிதந்து செல்லும். ஆயின் சுமை ஏற்றும் ஆற்றலும் அதற்கேற்பக் குறைவு. கையால் பூட்டும் முன்சக்கர ஹப்பு உள்ள வண்டிகளில், இறங்கிச் சென்று இரண்டு ஹப்புகளையும் திருகிப் பூட்டினாலன்றி, உள்ளே தண்டை இழுத்துப் பயனில்லை. வாங்கிய பின் இதை அறியாமல் வண்டியைக் குறை கூறுவோரும் உளர்.

டயர்

மேஸ்திரி அவர்களின் சொற்படி, நூறு ரூபாய் செலவழிக்க இருந்தால் அதில் முதல் ரூபாய் டயருக்கே சேர வேண்டும். எத்தனை இயக்கங்கள் இருந்தாலும் தரையைத் தொடுவது டயர் ஒன்றே. ஆழமான இடைவெளிகளும், சுழலும்போது மண்ணை உதறிவிடும் கட்டைகளும் உடைய சேற்று டயரே தோட்டப் பாதைக்கு உகந்தது. நான்கும் ஒரே அளவும் ஏறக்குறைய ஒரே தேய்மானமும் உடையவையாக இருக்க வேண்டும். முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என்று இருந்தால், நான்கு சக்கரத்தில் போட்ட மறுகணமே அச்சுகள் ஒன்றோடொன்று மல்லாடும். சேற்றில் செல்லுமுன் காற்றைச் சிறிது குறைத்தால் பிடிப்புக் கூடும். சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்பியாக வேண்டும்.

இறக்கமே பெரிய சோதனை

ஏற முடியாத வண்டி இலையை மட்டும் கெடுக்கும். இறங்கும்போது பிடிப்பு இழந்த வண்டி உயிரைக் கொண்டு போகும். உதகமண்டலத்திலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவோர் நிலை யாவரும் அறிந்ததே. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் போட்டு எஞ்சினே வண்டியைத் தடுத்து நிறுத்துமாறு இறங்க வேண்டும். மண்பாதை இறக்கத்தில் தாழ்நிலைப் பெட்டியோடு நான்கு சக்கரமும் சேரும்போது அந்தத் தடை நான்கு சக்கரங்களுக்கும் பரவுகிறது. ஏறுவதற்காக வாங்கிய உறுப்பு இறங்குவதற்கே அதிகம் பயன்படுகிறது என்று அனுபவசாலிகள் சொல்வதில் உண்மை உண்டு. மேட்டின் நடுவில் வண்டி நின்றுவிட்டால், கிளச்சை மிதித்துப் பின்னோக்கி உருளவிடவும் கூடாது. பக்கவாட்டில் திருப்பவும் கூடாது. பின்னோக்குக் கியரில் போட்டு நேராகவே இறங்க வேண்டும்.

ஆனால் திடீரென்று பிரேக் போட்டு நிற்பதற்கு நான்கு சக்கர இயக்கம் எள்ளளவும் உதவாது. அது இருக்கிறது என்ற தைரியத்தில் வேகமாகச் செல்வது பெரும் பிழை.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

மேஸ்திரி அவர்கள் எனக்குக் காட்டிக் கொடுத்ததைச் சங்கங்களின் உபயோகத்துக்காக வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. சாக்கு ஒன்றை விரித்து வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். முன் அச்சின் நடுவே டிபரன்ஷியல் உருண்டை இருக்கிறதா? டிரான்ஸ்பர் கேஸிலிருந்து அதற்கு ஷாப்டு செல்கிறதா? கிராஸைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தால் அது உலர்ந்து தேய்கிறது என்று பொருள்.

2. சமதரையில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். எஞ்சினை நிறுத்தி, முதற் கியரில் போட்டு, நான்கு சக்கரத் தண்டையும் சேருங்கள்; ஹப்பு உண்டெனில் பூட்டுங்கள். முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். சிறிது ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுழன்றால் முன் அச்சுக்கு விசை செல்லவில்லை. தானாகப் பூட்டிக்கொள்ளும் ஹப்பு உள்ள புதிய வண்டிகளுக்கு இச்சோதனை பொருந்தாது. அவற்றை ஈரத் தரையில் ஓட்டியே பார்க்க வேண்டும்.

3. மேற்கண்ட கட்டைகளை மறக்கவே கூடாது. பழைய ஜீப்பு வகைகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, ஷாப்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் டிபரன்ஷியல் வழியே மறு சக்கரம் உருண்டு வண்டி ஓடிவிடும்.

4. ஈரமான புல்தரையில் நான்கு சக்கரத்திலும், பின் தாழ்நிலையிலும் மெதுவாக வட்டமிட்டுப் பாருங்கள். தண்டு தானாகத் தெறித்து வெளிவருதல், பற்கள் அரைபடும் ஓசை ஆகியவை பெருஞ்செலவுக்கு அறிகுறி.

5. அச்சுகளின் ஆயிலையும் டிரான்ஸ்பர் கேஸின் ஆயிலையும் சிறிது வடித்துப் பாருங்கள். பால் போன்று வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலிடையே மின்னும் பொடி தட்டுப்பட்டால் பற்கள் தேய்கின்றன.

6. முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். சேஸிஸில் துருவும் புதிய வெல்டிங்கும் உண்டா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். புது வர்ணத்தைக் கண்டு மகிழ வேண்டாம், ஐயப்படுக.

7. இறுதியாக, உங்கள் பாதையில், உங்கள் சுமையோடு, மழை பெய்த மறுநாள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு இசையாத விற்பனையாளரிடம் பேச்சை முடித்துக்கொள்வது நலம்.

பதிவு விஷயங்கள்

காகிதமும் அவசியமே. சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மாநிலத்துக்குள் வாங்கினால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் சான்றோடு ஒத்திருக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் மூல அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியுள்ளது. வேறு எஞ்சின் ஏற்றிய ஜீப்புகள் மலிவாகக் கிடைப்பதைக் கண்டு மயங்குவோர் இதை நினைவில் வைக்கவும். சுமை ஏற்றவே வாங்குவதாயின், வண்டி எவ்வகையில் பதிவாகியுள்ளது என்பதையும் பார்த்துக்கொள்வது அவசியம். இலைச் சாக்குகளின் மேல் ஆட்களை ஏற்றுவதை எந்தச் சங்கமும் அனுமதிக்கலாகாது.

வேண்டாதவர் வாங்க வேண்டாம்

நான்கு சக்கர வண்டிக்கு விலை அதிகம், எரிபொருள் அதிகம், பழுதாகக்கூடிய உறுப்புகளும் அதிகம். சென்ற ஆண்டு வேறொரு சங்கத்தார் என்னிடம் யோசனை கேட்டார்கள். இம்முறை காகிதத்தைப் பார்க்குமுன் பாதையைப் பார்க்கச் சென்றேன். முக்கால் மைல் பாதையில் சக்கரம் சுற்றும் இடம் ஒன்றே ஒன்றுதான். நாற்பது கஜ நீளம். ஆகவே அவர்கள் பின்சக்கர இயக்கமுள்ள பழைய சிறு சரக்கு வண்டியை வாங்கினார்கள். மீந்த பணத்தில் அந்த நாற்பது கஜத்துக்குக் கல் பாவி, ஓரத்தில் நீர் வடிய வாய்க்காலும் வெட்டினார்கள். கல் சுமந்தவர்கள் அங்கத்தினர்களே. வண்டி என்றேனும் தேய்ந்துபோகும். பாதை அவர்கள் பிள்ளைகளுக்கும் உதவும்.

எந்த வண்டியும் வெல்லாத மழையும் உண்டு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மண்ணே நகரும் நாளில் பிடிப்பு என்ற சொல்லுக்குப் பொருளில்லை. அன்று இலை கெட்டால் கெடட்டும் என்று வண்டியைக் கொட்டகையில் நிறுத்துவதே விவேகம்.

சமவெளியில் உள்ள நெசவாளர் அன்பர்கள் இக்கட்டுரை தமக்கன்று என்று எண்ண வேண்டாம். பழைய தறியோ பழைய மோட்டாரோ வாங்கும் சங்கத்துக்கும் விதி ஒன்றே. வர்ணத்தைப் பாராமல் அடியைப் பார்க்க வேண்டும். விற்பவர் இடத்தில் ஓட்டிப் பாராமல் நம் இடத்தில், நம் பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முதலிற் சொன்ன சங்கம் பின்னர் ஷாப்டும் கிராஸும் வாங்கி முன் அச்சைச் சீர்செய்துகொண்டது. அதே ஜீப்பு இன்றும் இலை சுமக்கிறது. அடுத்த ஆய்வுக்கு நான் சென்றபோது, கணக்குப் புத்தகங்களை எடுத்து வைக்குமுன் தலைவர் ஒரு பழைய சாக்கைக் கொண்டுவந்து வண்டியின் பக்கத்தில் விரித்தார். "முதலில் இதைப் பார்த்துவிடுங்கள், சார்" என்றார். குனிந்து பார்த்துவிட்டே கையெழுத்திட்டேன்.